வாசகர் கேள்வி–பதில்: தோல் சுரக்கும் ஸ்குவாலீனும் கடையில் விற்கும் ஸ்குவாலேனும்

சென்ற இதழில் வறண்ட தோலுக்கான பூச்சுகளைப் பற்றி எழுதியபோது, ஸ்குவாலேன் என்ற எண்ணெயின் பெயரைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் வாங்கிய முக எண்ணெய்க் குப்பியில் 'ஸ்குவாலேன்' என்று அச்சிட்டிருக்கிறது. நம் தோலில் தானாகவே சுரப்பது 'ஸ்குவாலீன்' என்று படித்தேன். இது அச்சுப் பிழையா, அல்லது இரண்டும் வேறு வேறு பொருள்களா? (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

அச்சுப் பிழை அல்ல. இரண்டும் வேறு பொருள்களே. பள்ளியில் ஈத்தீன், ஈத்தேன் என்று படித்திருப்பீர்கள். 'ஈன்' என்று முடிந்தால் கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு உண்டு என்றும், 'ஏன்' என்று முடிந்தால் இல்லை என்றும் பொருள். இங்கும் அதே கணக்குதான். ஸ்குவாலீனில் 30 கார்பன் அணுக்களும் 50 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன; அந்த நீண்ட சங்கிலியில் ஆறு இடங்களில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. இரட்டைப் பிணைப்பு என்பது காற்றிலுள்ள ஆக்சிஜனுக்குத் திறந்து வைத்த கதவு போன்றது. ஆகவே ஸ்குவாலீனைக் குப்பியில் அடைத்து அலமாரியில் வைத்தால், ஒளியும் காற்றும் பட்டுச் சில காலத்தில் காறல் வாடை வந்துவிடும்.

இதைத் தவிர்க்க, நிக்கல் போன்ற வினையூக்கியின் துணையுடன் அதில் மேலும் 12 ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்து, ஆறு கதவுகளையும் அடைத்துவிடுகிறார்கள். அப்படிக் கிடைப்பதுதான் 62 ஹைட்ரஜன் கொண்ட ஸ்குவாலேன். கடலை எண்ணெயையும் பாமாயிலையும் வனஸ்பதியாக மாற்றுவதும் இதே வகை வேலைதான். அப்படியானால் ஸ்குவாலேனும் டால்டாவைப் போல ஏன் கட்டியாகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதன் சங்கிலியில் ஆங்காங்கே சிறு கிளைகள் நீட்டிக்கொண்டிருப்பதால், மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் வெளியே வைத்தாலே உறைந்துவிடும். ஸ்குவாலேனோ சுழியத்துக்குக் கீழே 38 பாகை செல்சியஸ் வரை திரவமாகவே இருக்கும்.

உங்கள் குப்பியை ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். காலையில் கலங்கியிருந்தால், அல்லது அடியில் வெண்மையாகப் படிந்திருந்தால், அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். தெளிவாக இருப்பதால் மட்டும் கலப்படமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மலிவான கனிம எண்ணெயும் அதே குளிரில் தெளிவாகத்தான் இருக்கும்.

கேள்வி: நம் உடம்பு இதை எதற்காகச் செய்கிறது? மதியத்துக்குள் என் நெற்றியில் வழியும் எண்ணெய் முழுவதும் இதுதானா? (வங்கி ஊழியர், மதுரை)

முழுவதும் அல்ல, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. முகம், உச்சந்தலை, மார்பு, முதுகு ஆகிய இடங்களில் நெருக்கமாக இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் வெளிவிடும் கலவையில் பெரும்பகுதி டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் அதிலிருந்து பிரிந்த கொழுப்பு அமிலங்களும். அடுத்ததாக மெழுகு எஸ்டர்கள். அதன்பின் சுமார் 12 சதவீதம் ஸ்குவாலீன். உணவுக்குப் பின் நெற்றியில் ஒரு மெல்லிய தாளை ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், தாள் கண்ணாடி போலத் தெரியுமே, அந்தக் கறையில் இவை எல்லாமும் இருக்கின்றன. துடைத்து வைத்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தவுடன் அதில் பதியும் விரல் ரேகையிலும் ஸ்குவாலீன் உண்டு. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. முகத்தையும் தலையையும் ஓயாமல் தொட்டுத் தொட்டு நாமே விரலில் ஏற்றிக்கொண்டதுதான் அது.

'எதற்காக' என்ற உங்கள் கேள்விக்கு இரண்டு மட்டங்களில் விடை சொல்ல வேண்டும். உடம்பின் ஒவ்வொரு திசுவிலும் ஸ்குவாலீன் உருவாகிறது. ஆனால் அங்கெல்லாம் அது ஒரு வழித்தங்கல் மட்டுமே, அடுத்த கணமே கொலஸ்டிராலாக மாறிவிடும். கொலஸ்டிராலிலிருந்துதான் பித்த அமிலங்களும் பல ஹார்மோன்களும் உண்டாகின்றன. வைட்டமின் டி-க்கும் இதே பாதைதான் மூலம். சின்னஞ்சிறு அசிட்டேட் துண்டுகளிலிருந்து தொடங்கி ஸ்குவாலீன் வழியாகக் கொலஸ்டிரால் வரை செல்லும் இந்தப் பாதையைத் துலக்கியதில் பெரும்பங்கு வகித்த கான்ராட் பிளாக், ஃபியோடோர் லினனுடன் சேர்ந்து 1964-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். தோலின் எண்ணெய்ச் சுரப்பியில் மட்டும் இந்தப் பாதை பெருமளவு ஸ்குவாலீனோடு நின்றுவிடுகிறது. சேர்ந்தது அப்படியே வெளியே வருகிறது.

வெளியே வந்தபின் அது இரண்டு வேலைகளைப் பார்க்கிறது. தோலின் மேற்பரப்பை வழவழப்பாக வைக்கிறது. வெயிலில் உண்டாகும் வீரியமுள்ள ஆக்சிஜனைத் தான் முதலில் வாங்கிக்கொள்கிறது. இந்த இரண்டாவது வேலையைப் பெருமையாக மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஆக்சிஜனை வாங்கிக்கொண்ட ஸ்குவாலீன் பெராக்சைடாக மாறுகிறது. அந்தப் பெராக்சைடு தோலை உறுத்தக்கூடியது. காவல்காரனே கெட்டுப்போவது போன்ற நிலை இது. முகப்பூச்சு செய்பவர்கள் ஸ்குவாலீனை விட்டு ஸ்குவாலேனைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பருவ வயதில் இந்தச் சுரப்பு திடீரென ஏறுகிறது. முதுமையில் குறைகிறது, குறிப்பாக மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு நன்றாகவே குறைந்துவிடுகிறது.

கேள்வி: ஏற்கெனவே எண்ணெய் வடியும் முகம், பருவும் இருக்கிறது. இதற்கு மேலும் எண்ணெய் தடவினால் பரு அதிகமாகாதா? (பிளஸ் டூ மாணவர், சேலம்)

பருவுக்குக் காரணம் எண்ணெய் இருப்பது மட்டுமன்று. மயிர்க்கால் வாயில் இறந்த செல்கள் அடைத்துக்கொள்வதும், உள்ளே கிருமி பெருகுவதும், அழற்சியும் சேர்ந்தே பரு உண்டாகிறது. மேலே சொன்ன ஸ்குவாலீன் பெராக்சைடு அந்த அடைப்பைத் தூண்டக்கூடியது என்பது விலங்குச் சோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. ஸ்குவாலேன் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாது என்பதால் அந்தத் தொல்லை அதற்கு இல்லை. அது மயிர்க்காலை அடைக்கும் தன்மை குறைந்தது என்றே கருதப்படுகிறது.

ஆனால் தம்பி, கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போடுகிறேன். உங்கள் தோலுக்கு அது தேவைதானா? பருவுக்கான களிம்பு பூசி முகம் வறண்டு தோல் உரிகிறது என்றால், இரவில் ஓரிரு துளி உதவும். அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஸ்குவாலேன் பருவைக் குணமாக்கும் மருந்தன்று. தழும்பு விழும்படி பெரிய பருக்கள் வந்தால் தோல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம். இந்த எண்ணெயைச் சுறா மீனின் ஈரலிலிருந்து எடுப்பதாக என் பேத்தி சொல்லி, குப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டாள். உண்மையா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை)

உண்மையின் ஒரு பாதியை உங்கள் பேத்தி சொல்லியிருக்கிறார். இதன் பெயரே சுறாவிடமிருந்து வந்ததுதான். ஜப்பானிய எண்ணெய் வேதியியலர் மிட்சுமாரு சுஜிமோட்டோ 1906-இல் சுறா ஈரல் எண்ணெயை ஆராய்ந்தபோது, மற்ற மீனெண்ணெய்களில் இல்லாத ஒரு ஹைட்ரோகார்பன் அதில் நிறைந்திருப்பதைக் கண்டார்; 1916-இல் அதற்கு ஸ்குவாலீன் என்று பெயரிட்டார். ஸ்குவாலஸ் என்பது ஒரு சுறாப் பேரினத்தின் அறிவியல் பெயர்.

சுறாவுக்கு இது எதற்கு என்பது தனிக் கதை. எலும்பு மீன்கள் பலவற்றுக்கு உடலுக்குள் காற்றுப்பை உண்டு; அது மிதக்க உதவும். சுறாவுக்கு அந்தப் பை கிடையாது. ஆழ்கடலில் வாழும் சில சுறாக்கள் அந்தக் குறையைத் தம் பெரிய ஈரலால் ஈடு செய்துகொள்கின்றன. உடல் எடையில் நான்கில் ஒரு பங்குகூட ஈரலாக இருக்கும்; அந்த ஈரல் எண்ணெயில் பாதிக்கு மேல் ஸ்குவாலீனாக இருக்கும் இனங்களும் உண்டு. ஒரு லிட்டர் ஸ்குவாலீனின் எடை சுமார் 860 கிராம்தான், அதாவது கடல்நீரைவிட இலேசு. கரையோரத்தில் பிடிபட்டு நம் சந்தைக்கு வந்து புட்டாகும் சுறாக்களின் ஈரலில் இது பெரிதாக இராது. அங்கே இருப்பது சாதாரணக் கொழுப்பும் வைட்டமின் ஏ-யும்.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்குண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்திலுள்ள தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடலில் தூண்டிலிட்டுச் சுறா பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். அவர்களில் பலர் கொச்சித் துறைமுகத்தில் மீனை இறக்குகிறார்கள். ஈரல் எண்ணெய்க்காகவே ஆழ்கடல் சுறாக்களைத் தேடிப் போன காலமும் உண்டு. இந்தச் சுறாக்கள் மெதுவாக வளர்பவை. பருவமடையவே பல ஆண்டுகள் ஆகும், ஒரு பேற்றில் ஒன்றிரண்டு குட்டிகள் மட்டுமே ஈனும் இனங்களும் இவற்றில் இருக்கின்றன. மத்தி மீனைப் போல அடுத்த பருவத்தில் மீண்டும் பெருகிவிடும் என்று எண்ணிப் பிடித்தால் இனமே அற்றுப்போகும். அயல்நாடுகளில் இந்தக் குரல் வலுத்ததால், 2008 அளவில் யூனிலிவர், லோரியால் போன்ற பெரிய நிறுவனங்கள் சுறா எண்ணெயைத் தம் பூச்சுகளிலிருந்து விலக்குவதாக அறிவித்தன.

இனி மறுபாதி. இன்று கடையில் கிடைக்கும் ஸ்குவாலேனில் கணிசமான பங்கு தாவர வழி வந்தது. ஒரு வழி ஆலிவ்: எண்ணெயைச் சுத்திகரித்து வாடை நீக்கும்போது ஆவியாகி ஒதுங்கும் கழிவில் ஸ்குவாலீன் செறிந்திருக்கும், அதைப் பிரித்தெடுக்கிறார்கள். இன்னொரு வழி கரும்பு: பிரேசிலில் கரும்புச் சர்க்கரையை, மரபணு மாற்றிய ஈஸ்ட்டுக்கு ஊட்டி, ஃபார்னசீன் என்ற 15 கார்பன் பொருளைச் செய்யவைத்து, இரண்டிரண்டாகப் பிணைத்து, ஹைட்ரஜன் ஏற்றுகிறார்கள். பதினைந்தும் பதினைந்தும் முப்பது. கணக்கு சரியாக வருகிறது.

குப்பிக்குள் சுத்தமான நிலையில் இவற்றைக் கண்ணாலோ மூக்காலோ வேறுபடுத்த முடியாது. ஆய்வகத்தில் முடியும். கரும்பு, ஆலிவ், கடல் உயிர் ஆகிய மூன்றிலும் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பன் அமைந்திருக்கும் விகிதம் வேறுபடும். அதை அளந்து மூலத்தை அறிகிறார்கள். வாங்குபவர் செய்யக்கூடியது, 'தாவர மூலம்' என்று வெளிப்படையாக அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், இல்லையென்றால் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்பதும்தான். மூலத்தைச் சொல்லத் தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை. உங்கள் பேத்தி தூக்கிப் போடுமுன் சீட்டை ஒருமுறை படித்திருக்கலாம். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்விதான்.

கேள்வி: எங்கள் வீட்டில் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும்தான் காலங்காலமாக. அவற்றைவிட இதில் அப்படி என்ன உயர்வு? (இல்லத்தரசி, கும்பகோணம்)

கால் வெடிப்புக்கும் குழந்தையின் உடம்புக்கும் தேங்காய் எண்ணெய் பூசுகிற வீட்டில், அதை நிறுத்திவிட்டு முப்பது மில்லி குப்பிக்குச் செலவு செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வேறுபாடு இருக்கிறது, அது பயன்படும் இடம் குறுகியது. ஸ்குவாலேன் மெல்லியது, தடவிய சிறிது நேரத்தில் பிசுபிசுப்பு தெரியாது, மணம் கிடையாது, ஆண்டுக் கணக்கில் காறல் வாடை வராது. முகத்தில் எண்ணெய் பூசிக்கொண்டு பேருந்தேறி வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய வசதி.

இன்னொன்றும் உண்டு. பொடுகிலும், மார்பு முதுகில் வரும் தேமல் போன்ற தொல்லைகளிலும் பங்குள்ள மலசீசியா என்ற பூஞ்சை, கொழுப்பு அமிலங்களை உண்டு வாழ்வது. நம் சமையல் எண்ணெய்களெல்லாம் அதற்கு விருந்து. ஸ்குவாலேனில் கொழுப்பு அமிலமே இல்லை. வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். அந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு இது ஏற்றது.

ஆனால் விளம்பரங்கள் சொல்வதுபோல் தோலின் அரணையே இது கட்டி எழுப்புவதில்லை. அந்த அரண் செராமைடு என்ற கொழுப்புப்பொருள், கொலஸ்டிரால், கொழுப்பு அமிலம் ஆகிய மூன்றும் அடுக்கடுக்காக அமைந்தது. ஸ்குவாலேன் அந்தச் சுவரின் செங்கல்லும் அல்ல, சாந்தும் அல்ல. மேலே பூசிய எண்ணெய் மெழுகு போன்றது, அவ்வளவே. அது நீரை ஈர்த்துக் கொண்டுவருவதும் இல்லை. இருக்கிற ஈரம் போகாமல் ஓரளவு காக்கும். ஆகவே முகம் கழுவி, துண்டால் ஒற்றி, இன்னும் சற்று ஈரமாக இருக்கும்போதே இரண்டு மூன்று துளியை உள்ளங்கையில் தேய்த்து முகத்தில் அழுத்தி எடுங்கள். காய்ந்த தோலில் கால் குப்பியைக் கொட்டினாலும் பயன் பாதிதான். வெயில் காப்புக் களிம்புக்கு இது மாற்று அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: உணவில் இதைப் பெற முடியுமா? மாத்திரையாகவும் விற்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

ஆலிவ் எண்ணெயில் நூறு கிராமுக்குப் பெரும்பாலும் அரை கிராம் அளவில் உண்டு. தவிட்டு எண்ணெயிலும் ஓரளவு இருக்கிறது. தானியமாகப் பயிரிடப்படும் கீரை விதை, அதாவது ராஜ்கிரா, இதற்குப் பேர் போனது; அதன் எண்ணெயில் சுமார் 6 சதவீதம் ஸ்குவாலீன். ஆனால் விதையில் எண்ணெயே 7 சதவீதம் அளவில்தான் என்பதால், நூறு கிராம் விதை தின்றால் அரை கிராமுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். ஈரலும் தோலும் தமக்குத் தேவையானதைத் தாமே செய்துகொள்கின்றன. மாத்திரைக்குச் செலவு செய்ய நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: படர்தாமரைக்கு மருத்துவர் டெர்பினாஃபைன் கொடுத்தார். உடன் வந்த துண்டுச்சீட்டில் 'ஸ்குவாலீன் எபாக்சிடேஸைத் தடுக்கிறது' என்று இருக்கிறது. என் தோலின் எண்ணெய் வற்றிவிடுமா? (வாசகர், வேலூர்)

வற்றாது. ஸ்குவாலீனை அடுத்த பொருளாக மாற்றும் நொதிதான் அந்த எபாக்சிடேஸ். பூஞ்சை தன் செல் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் செய்ய இந்த நொதியை நம்பியிருக்கிறது. மருந்து அதைத் தடுத்ததும், ஒருபுறம் எர்கோஸ்டிரால் கிடைக்காமல் சவ்வு தளர்கிறது. மறுபுறம் மாற்ற முடியாத ஸ்குவாலீன் பூஞ்சைக்குள்ளேயே குவிந்து அதற்கு நஞ்சாகிறது. மனிதரிடமும் இதே வகை நொதி உண்டு என்றாலும், இந்த மருந்து அதை மிகச் சிறிதளவே தொடுகிறது.

நம் நாட்டில் இதில் ஒரு சிக்கல் வளர்ந்திருக்கிறது. இதே நொதிக்கான மரபணுவில் மாற்றம் ஏற்பட்டு, டெர்பினாஃபைனுக்கு மசியாத படர்தாமரைப் பூஞ்சைகள் இந்தியாவில் பரவியுள்ளன. அவற்றில் ஒன்றுக்கு ட்ரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே என்றே பெயர். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் வழக்கம் நோயை மறைத்து வளர்க்கிறது. சில வாரங்களில் குறையாவிட்டால் அதே மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். கடைக்காரரிடம் வேறு களிம்பு கேட்க வேண்டாம்.

கேள்வி: தடுப்பூசியில் ஸ்குவாலீன் கலக்கிறார்கள், அது ஆபத்து என்று ஒரு குரல் பதிவு எங்கள் குடும்பக் குழுவில் சுற்றுகிறது. (வாசகர், நாகர்கோவில்)

சில தடுப்பூசிகளில் உண்டு என்பது சரி. ஸ்குவாலீனை நீரில் மிக நுண்ணிய துளிகளாகக் கலந்த எம்எஃப்59 என்ற கலவை, நோயெதிர்ப்பைத் தூண்டுவதற்காக முதியோருக்கான சளிக்காய்ச்சல் தடுப்பூசியில் சேர்க்கப்படுகிறது. 1997-இல் இத்தாலியில் முதலில் அனுமதி பெற்றது. ஓர் ஊசியில் இருப்பது 10 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் தோல் ஒரே நாளில் அதைப் போலப் பல மடங்கு சுரக்கிறது. வளைகுடாப் போர் வீரர்களின் நோய்க்கு இதுவே காரணம் என்று ஒரு காலத்தில் பேசப்பட்டது. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட, ஸ்குவாலீனுக்கு எதிராக இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள்கள், அப்படிப்பட்ட ஊசியே போடாதவர்களிடமும் இருப்பது பின்னர் தெரிந்தது. நம் மக்களுக்குப் பெருமளவில் போடப்பட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டிலும் ஸ்குவாலீன் கிடையாது. அந்தக் குரல் பதிவை மேலும் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: தினமும் தலைக்குக் குளித்தாலும் என் தலையணை உறையில் ஒரு பழைய எண்ணெய் வாடை வருகிறது. இதற்கும் ஸ்குவாலீனுக்கும் தொடர்பு உண்டா? (வாசகி, திருச்சி)

உண்டு. உச்சந்தலையும் நெற்றியும் இரவு முழுவதும் துணியில் ஒற்றியெடுக்கும் எண்ணெயில் ஸ்குவாலீனும் இருக்கிறது. ஆறு இரட்டைப் பிணைப்புகளோடு திறந்து கிடக்கும் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஓசோனோடும் வினைபுரிந்து உடைந்து, அசிட்டோன் உள்ளிட்ட ஆவியாகும் பொருள்களைத் தருகிறது. மற்றக் கொழுப்புகளும் கூடவே காறுகின்றன. ஆகவே குற்றம் உங்கள் குளியலில் இல்லை, துணியில் தங்கியதில்தான். பச்சைத் தண்ணீரில் அலசினால் இது முழுதாகப் போகாது. துணி தாங்கும் அளவு வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து அரைமணி ஊறவைத்துத் துவையுங்கள். உறையை வாரம் இரண்டு முறையாவது மாற்றுங்கள். உறைக்குள் இருக்கும் தலையணையே பழுப்பேறிப் போயிருந்தால், அதற்கு நான் சொல்ல எதுவும் இல்லை, புதிதாக வாங்கிவிடுங்கள்.